வாக்கர்: எச்சரிக்கை போதாது, விலக்கே வேண்டும்

குழந்தை உட்காரத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் அடுத்து வந்து சேரும் பொருள் பெரும்பாலும் வாக்கர்தான். மாமாவோ சித்தியோ ஆசையாக வாங்கி வருவார்கள். இல்லையென்றால் உறவுக்காரர் வீட்டுக் குழந்தை ஓட்டி முடித்தது பரணிலிருந்து இறங்கி வரும். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரங்கள், நடுவே கால் நுழைக்க ஓட்டை வைத்த துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் பொம்மைத் தட்டு. கொடுப்பவர் அன்போடு கொடுக்கிறார். பெற்றவர் நம்பிக்கையோடு குழந்தையை அதில் உட்கார வைக்கிறார். அந்த நம்பிக்கைக்குள் மூன்று எண்ணங்கள் இருக்கின்றன. குழந்தை சீக்கிரம் நடக்கும். சுற்றிலும் சட்டம் இருப்பதால் விழாது. நமக்குக் கொஞ்ச நேரம் கை ஒழியும்.

முதலிரண்டும் தவறு என்று பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மருத்துவச் சான்றுகள் காட்டுகின்றன. மூன்றாவது உண்மைதான், ஆனால் ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாக்கரையும், குழந்தையை உட்கார வைக்கவும் தூங்க வைக்கவும் நாம் பயன்படுத்தும் மற்றச் சாதனங்களையும் பற்றி உலகம் பட்டு அறிந்ததைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. குழந்தைச் சாதனங்களில் உயிரைக் காப்பது பெற்றோரின் விழிப்பு மட்டும் அல்ல. பொருளின் வடிவமைப்பும் அதை ஆளும் சட்டமும்தான் பெரும்பங்கு காக்கின்றன. வாக்கரைப் பொறுத்தவரை நாம் செய்யவேண்டியது அதை விற்பனையிலிருந்தே விலக்குவது.

விபத்து நிகழும் விதம்

வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே விநாடியில் மூன்றடிக்கும் மேல் நகர்ந்துவிடும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. கூடத்தின் நடுவிலிருந்து மாடிப்படியின் விளிம்புக்குப் போக மூன்று நான்கு விநாடி போதும். அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும் தாய்க்கு அவ்வளவு நேரம்கூடக் கிடைப்பதில்லை.

எட்டு மாதக் குழந்தையின் கால்களுக்குத் தரையை உந்தும் வலு வந்துவிடுகிறது. ஆனால் நிற்கவும் திரும்பவும் தெரியாது. பள்ளத்தைக் கண்டால் தயங்கும் அனுபவமும் இன்னும் சேரவில்லை. தவழ்ந்து போகும் குழந்தை விளிம்பருகே கையை வைத்துத் தடவிப் பார்க்கும்; அதன் உடல் தரையோடு ஒட்டி இருக்கும். வாக்கர் அந்தக் குழந்தையைத் தரையிலிருந்து உயர்த்தி, அதன் வலுவுக்கு மீறிய வேகத்தைக் கொடுத்து, விளிம்பை நோக்கி அனுப்புகிறது. முன்சக்கரம் படியைத் தாண்டியதும் குழந்தையும் சட்டமும் சேர்ந்து உருள்கின்றன. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கனமான தலை முன்னால் விழுவதால் அடி அங்கேதான் படுகிறது.

படிக்கட்டு மட்டுமே ஆபத்து என்று நினைக்கவும் கூடாது. வாக்கரில் உயர்ந்து நிற்கும் குழந்தைக்கு அதுவரை எட்டாதவை எட்டுகின்றன. மேசை விரிப்பின் நுனி, சூடான காப்பி டம்ளர், தொங்கும் மிக்ஸி ஒயர், இஸ்திரிப் பெட்டி, கீழ்த்தட்டில் வைத்த பினாயில் பாட்டில் எல்லாம் கைக்குள் வந்துவிடுகின்றன. சுடுநீர்க் காயம், தீக்காயம், நச்சுப் பொருளை விழுங்குதல், நீரில் மூழ்குதல் ஆகிய நான்கும் வாக்கரோடு சேர்த்து மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. நம் வீடுகளில் வாசற்படி, கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையிலான ஒற்றைப் படி, தண்ணீர் இறங்கக் குளியலறை வாசலில் வைத்த பள்ளம் என்று தரை பல இடங்களில் மட்டம் மாறுகிறது. ஒரு படிதானே என்று நாம் எண்ணும் உயரமே வாக்கர் கவிழப் போதுமானது.

எண்கள் சொல்வது

இந்தக் கேள்வியில் மிக விரிவான கணக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வரும் காயம் எந்தப் பொருளால் நேர்ந்தது என்று பதிவு செய்யும் தேசியக் கண்காணிப்பு முறை அங்கே உண்டு. அந்தப் பதிவுகளை வைத்து ஒஹாயோவைச் சேர்ந்த மருத்துவர் கேரி ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2018இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. 1990 முதல் 2014 வரையிலான 25 ஆண்டுகளில், 15 மாதம் நிரம்பாத குழந்தைகளில் 2,30,676 பேர் வாக்கர் காயத்தோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்ததாக அது மதிப்பிட்டது. அவர்களில் 90.6 சதவீதத்தினருக்குக் காயம் தலையிலோ கழுத்திலோ. 74.1 சதவீதத்தினர் படிக்கட்டில் விழுந்தவர்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு மண்டையோடு விரிசல் விட்டிருந்தது.

மரணங்களும் உண்டு. 1973 முதல் 1998 வரை வாக்கர் தொடர்பான 34 குழந்தை மரணங்கள் அந்நாட்டில் பதிவாகியிருந்ததை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2001ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கையில் எடுத்துக் காட்டியது. சக்கரம் வைத்த வாக்கர்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்யவேண்டும் என்று அதே அறிக்கை கேட்டுக்கொண்டது. இன்றுவரை அதன் நிலைப்பாடு அதுதான்.

‘பக்கத்தில்தான் இருந்தோம்’

வாக்கர் விபத்து என்றதும் எழும் முதல் கேள்வி, பெரியவர்கள் எங்கே போனார்கள் என்பது. அந்தக் கேள்வி தாயின் மீது பழியைச் சுமத்திவிட்டு, பொருளை விட்டுவிடுகிறது. ஸ்மித் 1997இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு இதற்குத் தெளிவான பதில் சொல்கிறது. ஒரு மருத்துவமனைக்கு இரண்டு ஆண்டுகளில் வாக்கர் காயத்தோடு வந்த 271 குழந்தைகளை அவர் குழு ஆராய்ந்தது. 96 சதவீதம் படிக்கட்டு விழுகைகள். பெரும்பாலான நிகழ்வுகளின்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட பெற்றோருக்கு வாக்கரின் ஆபத்து முன்பே தெரிந்தும் இருந்தது. எச்சரிக்கை வாசகமும் பொதுமக்கள் விழிப்புணர்வும் இருந்தும் காயங்கள் தொடர்கின்றன என்பதையே அந்த ஆய்வு தன் தலைப்பாக வைத்தது.

இது பெற்றோரின் அலட்சியத்துக்குச் சான்று அல்ல. மனிதக் கையின் வேகத்தையும் சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்ட கணக்கு. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பவராலும் மூன்றடி தூரத்தை ஒரு விநாடியில் பாய்ந்து பிடிக்க முடியாது. வேலை செய்துகொண்டே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக வாங்கப்படும் பொருள், ஒரு நொடியும் கண்ணை எடுக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே ஓரளவு பாதுகாப்பானது என்றால், அது வாங்கிய நோக்கத்துக்கே உதவாத பொருள்.

நடை பழக்குகிறதா?

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாக ஏதேனும் நன்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. 1999இல் சீகல், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 109 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காருவதிலும் தவழ்வதிலும் நடப்பதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வளர்ச்சியை அளக்கும் தேர்வுகளிலும் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். அகலமான தட்டு குழந்தையின் கால்களையே அதன் பார்வையிலிருந்து மறைப்பதை அவர்கள் முக்கியமான காரணமாகச் சுட்டினார்கள்.

2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட அயர்லாந்து ஆய்வு 190 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தது. அவர்களில் 102 பேர் வாக்கர் பயன்படுத்தியவர்கள். மொத்தமாகச் சேர்ந்த ஒவ்வொரு 24 மணி நேர வாக்கர் பயன்பாட்டுக்கும், பிடிப்பின்றி நடப்பது 3.3 நாளும் பிடிப்பின்றி நிற்பது 3.7 நாளும் தள்ளிப்போனது. இவை பெரிய தாமதங்கள் அல்ல. வாக்கரில் வளர்ந்த குழந்தைகளும் பின்னர் நன்றாகவே நடக்கிறார்கள். இதைப் படிக்கும் பெற்றோர் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நடையை விரைவாக்கும் என்று விற்கப்படும் பொருள் நடையை விரைவாக்கவில்லை.

காரணம் புரிந்துகொள்ள எளியது. நடப்பதற்குக் கால் அசைந்தால் மட்டும் போதாது. உடலின் பாரத்தைத் தாங்க வேண்டும், சாயும்போது இடுப்பையும் முதுகையும் இறுக்கி நிமிர வேண்டும், விழும்போது கை ஊன்ற வேண்டும். வாக்கரில் பாரத்தைத் துணி இருக்கை தாங்குகிறது. குழந்தை கால்விரல் நுனியால் தரையைத் தள்ளுகிறது. சமநிலையைக் கற்கும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் சுதந்திரமாக விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து 17 முறை விழுவதைக் கணக்கிட்டது. தரையில் விழுந்து எழும் அந்தப் பயிற்சிதான் நடையைக் கற்பிக்கிறது. அதைத் தடுக்கும் சாதனம் உதவி ஆகாது.

‘பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதே’ என்ற கவலைதான் பல வீடுகளில் வாக்கரை வாங்க வைக்கிறது. அந்தக் கவலைக்கு நல்ல மருந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலைகள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து அது உருவாக்கப்பட்டது. தானாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் சுமார் 4 சதவீதத்தினர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை, ஆனாலும் நடந்தார்கள். பத்து மாதத்தில் நடப்பது கெட்டிக்காரத்தனமும் அல்ல, பதினைந்து மாதத்தில் நடப்பது குறையும் அல்ல. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் போகவேண்டிய இடம் குழந்தை மருத்துவரின் அறை. பொம்மைக் கடை அல்ல.

எச்சரிக்கை, தரம், தடை

ஆபத்தான பொருளை அரசு மூன்று வழிகளில் கையாளலாம்: மக்களை எச்சரிக்கலாம், தரத்தை விதிக்கலாம், தடை செய்யலாம். வாக்கரின் வரலாற்றில் மூன்றும் செய்து பார்க்கப்பட்டிருக்கின்றன.

எச்சரிக்கையின் பலன் எவ்வளவு என்பதை 1997 ஆய்வு காட்டிவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் தன்னார்வத் தரநிலை திருத்தப்பட்டது. 36 அங்குல வாசலுக்குள் நுழைய முடியாத அகலத்தில் வாக்கர் இருக்க வேண்டும். அல்லது சக்கரம் படி விளிம்பைத் தாண்டியதும் தரையைப் பற்றி நிறுத்தும் பட்டை அடியில் இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பெரும் பலன் கிடைத்தது. 1990இல் 20,650 ஆக இருந்த ஆண்டுக் காயங்கள் 2003இல் 3,201 ஆகக் குறைந்தன. 84.5 சதவீதச் சரிவு. வாக்கர் வைத்திருக்கும் வீடுகள் குறைந்ததும், சக்கரம் இல்லாமல் ஒரே இடத்தில் நிற்கும் விளையாட்டு இருக்கைகள் சந்தைக்கு வந்ததும் இதில் பங்கு வகித்தன. 2010இல் தரநிலை கட்டாயச் சட்டமானது; படியில் விழாமல் இருப்பதைச் சோதிக்கும் முறை கடுமையானது. அடுத்த நான்கு ஆண்டுகளின் சராசரி, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைவிட 22.7 சதவீதம் குறைந்தது.

கனடா வேறு பாதையில் சென்றது. 1989 முதல் அங்கே உற்பத்தியாளர்கள் தாமாகவே விற்பனையை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வருவதும் பழையது கைமாறுவதும் நிற்கவில்லை, காயங்களும் நிற்கவில்லை. 2004 ஏப்ரல் 7ஆம் தேதி வாக்கரின் விற்பனை, மறுவிற்பனை, விளம்பரம், இறக்குமதி அனைத்தையும் கனடா தடை செய்தது. வாக்கரைத் தடை செய்த முதல் நாடு அதுதான். வீட்டில் கிடக்கும் பழைய வாக்கரை யாருக்கும் கொடுக்காமல், மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து எறியுங்கள் என்று அந்நாட்டு அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது.

தரம் விதித்தாலே காயம் இவ்வளவு குறையும்போது தடை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காருக்கு இந்த வாதம் பொருந்தும். கார் இல்லாமல் வாழ்க்கை நடக்காது, ஆகவே அதைப் பாதுகாப்பாக்கிப் பயன்படுத்துகிறோம். வாக்கர் இல்லாததால் எந்தக் குழந்தையும் எதையும் இழப்பதில்லை. நன்மை ஏதும் தராத பொருளில் எஞ்சியிருக்கும் சிறு ஆபத்தையும் குழந்தையின் தலை ஏன் தாங்க வேண்டும்? தரம் சரிபார்க்கும் கைகள் எட்டாத மலிவுச் சந்தையும், படிப் பட்டை தேய்ந்துபோன பழைய வாக்கர்களும் நம் ஊரில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எண்ணினால், தரநிலை மட்டும் இங்கே அமெரிக்க அளவுக்குப் பலன் தரும் என்று நம்ப இடமில்லை.

தூங்க வைக்கும் சாதனங்கள்

வாக்கரைக் கட்டுப்படுத்திய 2010 சட்டத்தின் வேர் ஒரு மடக்குத் தொட்டிலில் இருக்கிறது. 1998இல் சிகாகோவில், காப்பாளர் வீட்டில் மதியத் தூக்கத்துக்குப் படுக்க வைத்த ஒன்றரை வயது நிரம்பாத குழந்தை, தொட்டிலின் மேல்கட்டைகள் மடிந்து விழுந்ததில் கழுத்து நெரிபட்டு இறந்தது. அதே வகைத் தொட்டிலில் இறந்த ஐந்தாவது குழந்தை அது. அந்தத் தொட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், திரும்பப் பெறப்பட்டிருந்தது. செய்தி அந்த வீட்டை எட்டவே இல்லை. பெற்றோர் தொடங்கிய இயக்கத்தின் விளைவாக 2008இல் வந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. குழந்தைச் சாதனங்களுக்குக் கட்டாயத் தரம் வேண்டும், வாங்கியவரைத் தொடர்புகொள்ளப் பதிவு அட்டை இணைக்க வேண்டும் என்று அது விதித்தது. அந்தப் பிரிவின் கீழ் முதலில் வந்த விதிகள் குளியல் இருக்கைக்கும் வாக்கருக்கும். 2011 ஜூன் முதல், பக்கச் சட்டத்தைக் கீழே இறக்கும் வகைத் தொட்டில்களின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. சட்டம் கழன்று உண்டாகும் இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்திருந்தார்கள்.

அடுத்த பாடம் சாய்வுப் படுக்கை. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய ராக் அண்ட் ப்ளே ஸ்லீப்பர் சுமார் 30 பாகைச் சாய்வில் குழந்தையைத் தூங்க வைத்தது. அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டபோது முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணம் அதோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் திரும்பப்பெறல் அறிவிப்பு மறுபடி வெளியிடப்பட்டபோது அந்த எண்ணிக்கை நூறை நெருங்கியது. குறைந்தது எட்டு மரணங்கள் திரும்பப் பெற்ற அறிவிப்புக்குப் பிறகு நேர்ந்தவை. சாய்வில் படுத்த குழந்தையின் தாடை நெஞ்சில் சாய்ந்து மூச்சுப் பாதை குறுகுகிறது. குழந்தை புரண்டு குப்புறக் கவிழ்வதும் சாய்வில் எளிது. கவிழ்ந்த பிறகு முகத்தைத் தூக்கி வைத்திருக்க வயிற்றுத் தசைகள் கூடுதலாக உழைத்துச் சோர்ந்துபோகின்றன. பொறியியல் பேராசிரியர் எரின் மேனன் தலைமையில் 2019இல் நடந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. 2022 மே மாதம் கையெழுத்தான சட்டம், 10 பாகைக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளையும் தொட்டிலின் உட்புறம் கட்டும் மெத்தைப் பட்டைகளையும் அங்கே தடை செய்தது.

இந்த வரலாறு முழுவதும் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. குழந்தை மல்லாந்து, சமமான, உறுதியான படுக்கையில், பக்கத்தில் வேறெதுவும் இல்லாமல் தூங்க வேண்டும். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி மல்லாத்திப் படுக்க வைக்கச் சொன்னதும், 1994இல் அது நாடு தழுவிய இயக்கமானதும், தூக்கத்தில் காரணமறியாமல் நேரும் குழந்தை மரணங்கள் சில ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தன. எந்தப் பொருளையும் வாங்காமல் கிடைத்த பாதுகாப்பு அது.

உட்கார வைக்கும் சாதனங்கள்

உட்காரப் பழக்கும் ரப்பர் இருக்கைகள், ஊஞ்சல் இருக்கைகள், பவுன்சர்கள் ஆகியவற்றின் குறைகள் இரண்டு. மேசை மீதும் திண்டு மீதும் வைக்கும்போது குழந்தை முதுகை வளைத்து வெளியே கவிழ்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான பம்போ இருக்கை இதே காரணத்துக்காக 2007இலும் 2012இலும் இருமுறை திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் முறை இடுப்புப் பட்டை சேர்க்கப்பட்டது. இன்னொரு குறை, இருக்கையிலேயே குழந்தை தூங்கிப்போவது. அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் நேர்ந்த 11,779 குழந்தை மரணங்களை ஆராய்ந்த ஆய்வில், 348 குழந்தைகள் உட்காரும் சாதனங்களில் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருந்தது கார் இருக்கையில். ஆனால் அந்தக் கார் இருக்கை பயணத்துக்காக, விதிப்படி பட்டை போட்டுப் பயன்பட்டது பத்தில் ஒன்றுக்கும் குறைவான நிகழ்வுகளில்தான்.

கார் இருக்கை பயணத்தில் உயிர் காக்கும் பொருள். அதை மறுக்கக் கூடாது. இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களைப் பட்டையோ குழந்தை இருக்கையோ கொண்டு பாதுகாக்கச் சொல்கிறது. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துச் சமமான படுக்கையில் கிடத்த வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பொருள்கள்

புதிய பொருள்களை மட்டும் சோதித்துவிட்டுப் பழக்கத்தில் உள்ளவற்றைக் கேள்வியின்றி விட்டுவிடுவது நேர்மையாகாது. சேலையில் கட்டும் தூளி நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறைகளைத் தாலாட்டியிருக்கிறது. தாயின் வேலைக்கும் அருகிலேயே குழந்தையின் தூக்கத்துக்கும் இடம் தந்த ஏற்பாடு அது. ஆனால் தூளிக்கும் சாய்வுப் படுக்கையின் குறை உண்டு: ஆழமாகத் தொங்கும் துணியில் தாடை நெஞ்சில் மடியலாம், துணி மூக்கை மூடலாம். சற்றே வளர்ந்த பிள்ளைகள் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி நேர்ந்த மரணங்களை இந்தியத் தடய மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. தூளியில் தூங்க வைத்த குழந்தையை ஆழ்ந்து தூங்கியதும் பாயிலோ தொட்டிலிலோ மல்லாத்திக் கிடத்துவது நல்லது. குழந்தை புரளத் தொடங்கிய பிறகு தூளியில் தனியே விடக்கூடாது. பயன்படாத நேரத்தில் துணியை அவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலில் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கவாட்டில் அணைக்கும் திண்டுகள், கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறு, தூக்கத்தில் கழற்றாத சங்கிலி ஆகியவற்றையும் முதல் ஓராண்டில் படுக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இன்னொரு பக்கம், நம் மரத்தச்சர்கள் செய்துதந்த மூன்று சக்கர நடைவண்டி வாக்கரைவிட எவ்வளவோ அறிவோடு அமைந்தது. அதில் குழந்தை உட்காருவதில்லை. பின்னால் நின்று, சட்டத்தைப் பிடித்து, தன் பாரத்தைத் தன் காலிலேயே தாங்கித் தள்ளுகிறது. பாதம் கண்ணுக்குத் தெரிகிறது. களைத்தால் கையை விட்டு உட்கார்ந்துகொள்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய குழந்தைக்குத்தான் அதைத் தர வேண்டும், வழுக்கும் டைல்ஸ் தரையில் வண்டி முன்னே ஓடிவிடாதபடி கனமாக இருக்க வேண்டும், படியருகே கூடாது. இந்த மூன்றையும் கவனித்தால், நடை பழகும் குழந்தைக்குத் துணை வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் வாங்கித் தரத் தகுந்த பொருள் அது.

இந்தியச் சட்டம் செய்யவேண்டியது

கனடாவில் உள்ளது போன்ற வாக்கர் தடை இந்தியாவில் இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய கருவிகள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் கொண்டது. குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த காயத்துக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் பிரிவும் அதே சட்டத்தில் உண்டு.

இதைவிட முக்கியமான முன்னுதாரணம் 1992ஆம் ஆண்டின் பால்பவுடர், பால்புட்டி ஒழுங்குமுறைச் சட்டம். தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பால்பவுடரைக் கவர்ச்சியாக விளம்பரம் செய்வது குழந்தைகளின் உயிருக்குக் கேடு என்று கண்ட இந்தியா, அந்த விளம்பரங்களையே தடை செய்தது. தாய்மார்கள் விளம்பரத்தைக் கண்டு ஏமாறாமல் இருக்கட்டும் என்று அறிவுரை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தத் துணிவு வாக்கர் விஷயத்திலும் வேண்டும். ‘நடக்கக் கற்றுத்தரும்’ என்ற வாசகத்தோடு வாக்கரை விற்பதை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்து விற்பனையையே நிறுத்த வேண்டும். மருத்துவமனைகளில் குழந்தைக் காயத்தைப் பதியும்போது, எந்தப் பொருளால் நேர்ந்தது என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் வாக்கர் காயங்களின் அளவு தெரியவந்தது அந்த ஒரு வரியிலிருந்துதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்கர் வாங்காதீர்கள், பரிசாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பாய் ஒன்றும், மாடிப்படியின் மேலும் கீழும் மாட்ட இரண்டு தடுப்புக் கதவுகளும் வாங்கிக் கொடுங்கள். வேலை நேரத்தில் கை ஒழிய வேண்டுமென்றால் சக்கரம் இல்லாத, நான்கு பக்கமும் அடைத்த விளையாட்டுக் கூடு போதும். எந்தச் சாதனத்தை வாங்கும் முன்பும், நான் திரும்பிப் பார்க்காத ஒரு நிமிடத்தில் இது என் குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வாக்கர் இருந்தால் அதை விற்காதீர்கள், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை உடைத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள்.